புது ஃப்ளாட்டா, கைமாறும் ஃப்ளாட்டா, மனையா? சென்னையில் வீடு வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

கைச்சேமிப்பும் வங்கிக் கடனுமாகச் சேர்த்து எழுபது லட்சம் ரூபாய் திரட்டக்கூடிய ஒரு குடும்பத்துக்குச் சென்னையிலும் அதன் புறநகரிலும் மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. கட்டி முடியாத அடுக்குமாடியில் ஒரு ஃப்ளாட்டை முன்பதிவு செய்யலாம்; ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த ஃப்ளாட்டைக் கிரயம் வாங்கலாம்; நகரின் விளிம்பில் மனை வாங்கித் தாமே வீடு கட்டிக்கொள்ளலாம். இம்மூன்றையும் சதுர அடி விலையை வைத்து ஒப்பிடுவதே வழக்கமாக இருக்கிறது. விலையைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சட்டம் மூன்றையும் ஒரே அளவில் காப்பதில்லை. ஒன்றில் உங்கள் பணத்தையும் காலத்தையும் காக்கிறது, இன்னொன்றில் ஏறக்குறைய எதையுமே காக்காமல் ஆவணங்களோடு உங்களைத் தனியே விட்டுவிடுகிறது. ஆகவே சட்டம் கைகொடுக்காத பகுதியை வாங்குபவர் தாமாகவே இன்றைக்குச் சரிபார்த்துக்கொள்ள முடியுமா என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி என்று கருதுகிறேன்.

சந்தையின் போக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் என்ற மூன்று வழித்தடங்களைக் கொண்ட மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு, 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களின் பலன் வண்டி ஓடத் தொடங்கும் நாளில் விலையில் ஏறுவதில்லை. அறிவிப்பு வந்த நாளிலேயே ஏறிவிடுகிறது. ஆகவே பூந்தமல்லியிலோ போரூரிலோ இன்று வாங்குபவர், இனி வரப்போகும் வசதிக்கான விலையைச் சேர்த்தே கொடுக்கிறார். எதிர்த்திசையில் இழுப்பது வெள்ளம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் நீர் தேங்கிய வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் ஒரே தெருவின் இரு முனைகளுக்கு இடையிலேயே விலை மாறுபடுவதைத் தரகர்கள் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார்கள். 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய திட்ட அனுமதி வழங்க வேண்டாம் என்று, ஆய்வு முடியும் வரை, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025இல் உத்தரவிட்டது. இந்த உத்தரவு காட்டும் செய்தி, அனுமதி என்பது இடத்தைப் பொறுத்து இறுகவும் கூடும் என்பதே. கட்டி முடியாத வீட்டுக்கு முன்பணம் கட்டுபவர் அதைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

பத்திரப் பதிவைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையை முதலில் களைந்துவிடுவது நல்லது, ஏனெனில் அது மூன்று வழிகளுக்கும் பொது. சார் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கிரயப் பத்திரம் பதிவானால், அந்தச் சொத்து விற்றவருடையதுதான் என்று அரசே உறுதி கூறிவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படி எந்த உறுதியும் இல்லை. உரிமை யாருடையது என்று தீர்மானிப்பது பதிவு அலுவலரின் வேலையன்று என்பதைத் தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மீண்டும் தெளிவாக்கியது. பதிவு என்பது ஒரு பரிவர்த்தனை நடந்ததற்கான சான்று மட்டுமே. விற்றவருக்கே உரிமை இல்லையென்றால், முத்திரைத் தீர்வையை முழுதாகக் கட்டியிருந்தாலும் வாங்கியவருக்கு உரிமை வந்துவிடாது.

கட்டி முடியாத ஃப்ளாட்

இவ்வழியில்தான் சட்டத்தின் கை நீளமாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ அமையும் ஒவ்வொரு திட்டமும் விற்பனைக்கு முன்னரே பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டுக்கும் அந்தமான் நிக்கோபாருக்கும் சேர்த்து இதை நடத்தும் ஆணையம் எழும்பூரில் இயங்குகிறது. வாங்குபவர்களிடமிருந்து வரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அதே திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே, பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோரின் சான்றோடு எடுக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சொன்ன தேதியில் வீடு கைக்கு வராவிட்டால், விலகிக்கொண்டு வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெற்றுக்கொண்டு காத்திருக்கலாம். பணத்தைத் திரும்பப் பெறும் இவ்வுரிமைக்கு நிபந்தனை ஏதும் கிடையாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால், பில்டர் 30 நாட்களுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். இவற்றைவிட அதிகம் பேசப்படாத இன்னொரு விதியும் இருக்கிறது: நிலத்தின் உரிமையிலேயே குறை இருந்து அதனால் இழப்பு நேர்ந்தால் பில்டர் ஈடு செய்தாக வேண்டும், அந்தக் கோரிக்கைக்குக் காலவரம்புச் சட்டம் தடையாக நிற்காது.

எழுத்தில் இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் தயங்கக் காரணம் என்ன? ஆணையத்தில் உத்தரவு வாங்குவது ஒரு கட்டம், உத்தரவில் உள்ள பணம் கைக்கு வருவது வேறொரு கட்டம். பணம் தர மறுக்கும் நிறுவனத்திடமிருந்து அதை வருவாய் மீட்பு நடவடிக்கையாகவே வசூலிக்க வேண்டியிருக்கிறது. அந்த நிறுவனத்தின் பெயரில் பறிமுதல் செய்யத்தக்க சொத்து எதுவும் மிஞ்சாத நிலையில் உத்தரவு வெறும் காகிதமாகிவிடும். நிறுவனம் திவாலானால், வீடு வாங்கியோரும் அதற்குக் கடன் கொடுத்தவர்களே என்று 2018 முதல் திவால் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு திட்டத்தில் வாங்கியோரில் நூறு பேரோ பத்தில் ஒரு பங்கினரோ சேர்ந்தால்தான் அந்த வழக்கைத் தொடங்க முடியும் என்று 2020இல் திருத்தம் வந்துவிட்டது. இதற்கிடையில் மாத வாடகையும் கடன் வட்டியும் ஒருசேர ஓடிக்கொண்டிருக்கும். தாமதத்துக்குக் கிடைக்கும் வட்டி, நடுத்தரக் குடும்பத்தின் மாதச் செலவில் விழும் இந்த இரட்டைச் சுமையை உரிய மாதத்திலேயே ஈடுகட்டாது.

ஆகவே முன்பதிவுத் தொகை கொடுப்பதற்கு முன் ஆணையத்தின் இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் பக்கத்தைத் திறந்து, பதிவின் முடிவுத் தேதி எது, அது ஏற்கெனவே நீட்டிக்கப்பட்டிருக்கிறதா, காலாண்டு அறிக்கைகள் ஒழுங்காக ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விற்பனைப் பிரிவினர் சொல்லும் ஒப்படைப்புத் தேதியும் அங்கே பதிவாகியிருக்கும் தேதியும் ஓராண்டுக்கு மேல் வேறுபட்டால், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்; சட்டம் மதிப்பது விற்பனை ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தேதியையே. பொது இடங்களின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் ‘சூப்பர் பில்ட்-அப்’ பரப்பை விளம்பரத்தில் எழுதினாலும் ஒப்பந்தத்தில் கார்பெட் பரப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும். 1,200 சதுர அடி என்று பேசப்படும் ஃப்ளாட்டில் சுவர்களுக்குள் கால் வைக்கக்கூடிய இடம் 850 அடிதான் என்பது அப்போதுதான் வெளிவரும். கார் நிறுத்துமிடத்துக்குத் தனி விலை கேட்டாலும் கவனம் தேவை. தூண்தளத்தில், அதாவது கட்டடத்தைத் தாங்கும் தூண்களுக்கு நடுவே, உள்ள நிறுத்துமிடத்தைத் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே கூறியிருக்கிறது.

கைமாறும் ஃப்ளாட்

இங்கே ரெரா ஏறக்குறைய ஒதுங்கிக்கொள்கிறது. விற்பவர் தனிநபர்; அவர் மீது ஆணையத்தில் புகார் அளிக்க முடியாது; சிக்கல் வந்தால் சிவில் நீதிமன்றம்தான். ‘வில்லங்கம் ஏதேனும் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன்’ என்று கிரயப் பத்திரத்தில் எழுதப்படும் உறுதிமொழி, விற்றவரைத் தேடிப் பிடிக்க முடிந்து, அவரிடம் வசூலிக்கப் பணமும் இருந்தால் மட்டுமே பயன்படும். இருந்தும் இவ்வழியில் ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. சரிபார்க்க வேண்டிய எல்லாமே இன்றைக்கே இருக்கின்றன. கட்டடம் நிற்கிறது, ஆவணங்கள் பிறந்துவிட்டன, மழையில் தெரு எப்படி இருக்கும் என்பதைக் காவலாளியிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஆவணங்களில் முதலில் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பரிவர்த்தனைகளின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் இதைப் பார்த்துவிடலாம். வங்கி வழக்கறிஞர்கள் பொதுவாக 30 ஆண்டுகளுக்குக் கேட்பார்கள். வில்லங்கச் சான்றில் வராதவை எவை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நிலுவையில் உள்ள பல வழக்குகள், பதிவாகாத விற்பனை ஒப்பந்தம் ஆகிய எதுவும் அதில் தெரியாது. சான்றில் ஒரு வங்கிக்கு ஆவணங்களை ஒப்படைத்ததற்கான பதிவு இருந்து, அதை ரத்து செய்த ரசீதுப் பதிவு இல்லையென்றால், கடன் முடிந்துவிட்டது என்று விற்பவர் சத்தியமே செய்தாலும் முன்பணம் கொடுக்கக் கூடாது.

அடுத்து, கையெழுத்திட வேண்டியவர்கள் எல்லோரும் கையெழுத்திடுகிறார்களா என்ற கேள்வி. மைலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் இன்று விற்பனைக்கு வரும் பழைய ஃப்ளாட்டுகளில் கணிசமானவை, வாங்கியவர் காலமான பின் பிள்ளைகள் விற்பவை. இந்துக் குடும்பத்தில் தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாயார் என எல்லோருக்கும் பங்குண்டு. திருமணமாகிப் பல ஆண்டுகளாகிவிட்ட மகளையோ அமெரிக்காவில் இருக்கும் மகளையோ ‘அவள் கேட்க மாட்டாள்’ என்று சொல்லி விட்டுவிடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் இயற்றியது. 2005இல் மத்தியச் சட்டம் அதை விரிவாக்கியது. தந்தை அன்றைக்கு உயிரோடிருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் விற்பவராகவோ, தம் பங்கை விட்டுக்கொடுக்கும் பதிவான விடுதலைப் பத்திரம் மூலமாகவோ வந்தாக வேண்டும். பங்குதாரர் ஒருவர் மைனராக இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தப் பங்கை வாங்கக் கூடாது. வெறும் பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் நடக்கும் ‘பவர் கிரயம்’ உரிமையை மாற்றாது என்பது 2011 முதல் தீர்ந்த விஷயம். பவர் ஏஜென்ட் கையெழுத்திட்டுக் கிரயம் கொடுப்பது வேறு. அப்போதும் பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கான சான்றைக் கேட்டுப் பெற வேண்டும்.

கட்டடத்தைப் பொறுத்தவரை நான் முதலில் கேட்பது அனுமதிக்கப்பட்ட வரைபடத்தை. தூண்தளமும் மூன்று மாடியும் என்று அனுமதி வாங்கி நான்காவது மாடியையும் எழுப்பிய கட்டடங்கள் சென்னையில் ஏராளம். ஓவியம்போல் இருக்கும் அந்த மேல்மாடி வீடு சந்தை விலையைவிடக் குறைவாகக் கிடைப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். கிரயப் பத்திரமும் மின் இணைப்பும் சொத்து வரி ரசீதும் இருந்தாலும், விதிமீறல் மீறலாகவே நிற்கிறது. இடிப்பதற்கான நோட்டீஸ் ஒட்டப்படும் நாளில் அது இன்றைய உரிமையாளரின் தலையில்தான் விழும். வரைபடத்தில் எத்தனை வீடுகள் என்று எண்ணிவிட்டு, மின்மீட்டர் பலகையில் எத்தனை மீட்டர்கள் என்று எண்ணிப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

இனி, பேரத்தில் எல்லோரும் மறந்துவிடும் ‘பிரிபடாத பங்கு’. ஃப்ளாட் வாங்குபவர் நிலத்தில் வாங்கும் பங்குதான் காலப்போக்கில் மதிப்பு ஏறுவது. கட்டடம் தேய்ந்துகொண்டே போவது. முன்பு அடுக்குமாடிகளுக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது நிலப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5ஆக இருந்தது. அப்போது இரண்டு கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடியில், 7,200 அடி கட்டலாம்; 900 அடி ஃப்ளாட்டுக்கு நிலத்தில் 600 அடி வரும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி உயரமான கட்டடங்களுக்கு 3.25, அகலமான சாலையில் கூடுதல் கட்டணம் செலுத்தினால் இன்னும் பாதி என 4.87 வரை போகலாம். அதே 900 அடிக்கு அங்கே நிலத்தில் கிடைப்பது 185 அடிதான். பழைய மகாபலிபுரம் சாலையில் நீச்சல் குளத்தோடு கிடைக்கும் புது ஃப்ளாட்டும், மேற்கு மாம்பலத்தில் லிஃப்ட் இல்லாத முப்பது வயது ஃப்ளாட்டும் ஒரே விலை சொன்னால், இரண்டாவதில் நிலம் மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஒரே ஒரு உரிமையாளர் முட்டுக்கட்டை போட்டாலும் எல்லாம் நின்றுவிடும் என்ற பழைய அச்சமும் குறைந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் மறுகட்டுமானத்துக்கு வழி செய்கிறது.

முற்றிலும் பழையதும் வேண்டாம், கட்டாததும் வேண்டாம் என்போருக்கு ஓர் இடைவழி உண்டு. கட்டி இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன, நிறைவுச் சான்று பெற்ற, ரெராவில் பதிவான திட்டத்தில் ஒருவர் விற்கும் ஃப்ளாட். முதலில் வாங்கியவரிடமிருந்து கிரயம் பெறுபவரையும் ரெரா ‘ஒதுக்கீடு பெற்றவர்’ என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருப்பதால், ஐந்தாண்டுக் கட்டமைப்புப் பொறுப்பில் மிச்சமிருக்கும் ஆண்டுகளைக் கேட்டுப் பெற அவருக்கும் வழியிருக்கிறது. ஒரு மழைக்காலத்தைக் கண்ட கட்டடத்தையும், இன்னும் காலாவதியாகாத பில்டரின் பொறுப்பையும் ஒருசேரப் பெறுவது இதில்தான் சாத்தியம்.

மனை வாங்கிக் கட்டுவது

நிலம் முழுவதும் தம் பெயரில் இருக்க வேண்டும் என்ற ஆசை நம்மவர்க்கு ஆழமானது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் மோசடிக்கு மிக அதிகமாக இடம் கொடுப்பதும் இந்த வழிதான். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்கு மட்டும், அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் கொண்டுவரப்பட்டது. ஆகவே சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண், அல்லது வரன்முறை ஆணை, இரண்டில் ஒன்று இல்லாத மனையைத் தொடவே வேண்டாம். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடலாம். புதிய மனைப்பிரிவுகளுக்கும் ரெரா பதிவு கட்டாயம் என்பதால் அதன் எண்ணையும் கேட்க வேண்டும்.

அங்கீகாரம் வேறு, உரிமை வேறு. செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் பட்டாவோடு, ஒவ்வொரு நிலத்தின் வகையையும் காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் எடுத்துப் பார்ப்பது அவசியம். நிலம் கோயிலுக்கோ வக்புக்கோ சொந்தமா, நீர்நிலைப் புறம்போக்கா, 1892 முதல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலமா என்பதற்கான தடயங்கள் அங்கேதான் கிடைக்கும். நிலத்துக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பைக் காட்டும் பதிவுத்துறையின் வழிகாட்டிப் பட்டியலில் ஒரு புல எண்ணுக்கு ‘பூஜ்ஜியம்’ மதிப்பு இருந்தால், அந்த நிலத்தில் பதிவு முடக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 1978ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999இல் நீக்கப்பட்டாலும், அதற்கு முன் அரசு எடுத்துக்கொண்ட நிலங்களின் நிழல் புறநகரில் இன்னும் நீங்கவில்லை. புல வரைபடத்தோடு சர்வேயரை அழைத்துப்போய் நான்கு மூலைக் கற்களையும் அளந்து பார்க்காமல் வாங்கும் மனையில், பின்னாளில் பக்கத்து மனைக்காரரோடு இரண்டடிக்காக வழக்காட வேண்டியிருக்கும்.

கட்டுவதில் ஒரு சலுகை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுவோர் சுயசான்று முறையில் இணையவழியே உடனடியாக அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கியது. அதற்குப் பிறகான சிரமங்கள், அதாவது மேஸ்திரி, ஜல்லி விலை, எம்-சாண்ட், நடுவில் நின்றுபோகும் வேலை ஆகியவை, ரெராவின் கீழ் வராது. ஒப்பந்ததாரரோடு கட்டம் கட்டமாகப் பணம் கொடுக்கும் எழுத்து ஒப்பந்தமே அங்கே முதல் பாதுகாப்பு. கட்டாமல் பத்து ஆண்டுகள் போட்டு வைப்பதற்காக மனை வாங்குவது வீட்டு முடிவே அன்று. அது முதலீடு, அதுவும் வேலி போட்டு ஆண்டுக்கிருமுறை போய்ப் பார்க்க வேண்டிய முதலீடு.

கையிலிருந்து போகும் பணம்

எழுபது லட்சத்தில் மூன்றையும் நிறுத்திப் பார்ப்போம். கட்டி முடியாத ஃப்ளாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, 3.5 லட்சம். 2023 டிசம்பர் முதல் புது ஃப்ளாட்டின் நிலப்பங்கையும் கட்டடத்தையும் ஒரே பத்திரமாகப் பதிவு செய்யும் முறை வந்தபோது, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5 சதவீதமாகவும் (50 லட்சம் வரை 4) பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகவும் வைக்கப்பட்டன. அது 4.9 லட்சம். ஆக 8.4 லட்சம். கைமாறும் ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்ந்து 6.3 லட்சம், தரகு தனி. மனை 40 லட்சம், கட்டுமானம் 30 லட்சம் என்று பிரித்தால் பதிவுச் செலவு மனைக்கு மட்டுமே, 3.6 லட்சம். இந்தக் கணக்கில் மனை வெல்கிறது. ஆனால் கட்டும் ஓராண்டுக்கான வாடகையையும், கட்டுமானத்தில் வழக்கமாக மீறும் மதிப்பீட்டையும் சேர்த்தால் அந்த வெற்றி பெரும்பாலும் கரைந்துவிடும். பத்திரத்தில் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாகக் கொடுக்கலாம் என்ற யோசனை எல்லாப் பேரத்திலும் வரும். ஏற்றால் வங்கிக் கடன் குறையும், நாளை விற்கும்போது ஆதாய வரி கூடும், நீதிமன்றத்தில் கொடுத்த பணத்தை நிரூபிக்கவும் வழியிருக்காது.

வங்கிகள் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனில் வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. பதிவுச் செலவு அந்த மதிப்பில் சேராது. ஆகவே 70 லட்சம் வீட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டியது 14 லட்சம் அன்று, இருபது லட்சத்துக்குக் குறையாமல். 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 6.5இலிருந்து 5.5 சதவீதமாக இறங்கியது மாதத் தவணையை இலகுவாக்கியதே ஒழிய, இந்த முன்தொகையைக் குறைக்கவில்லை. 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள சொத்துக்கு வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியேறியவர் என்றால் விகிதம் வெகுவாகக் கூடும், பிடிக்கத் தவறினால் பொறுப்பு வாங்கியவர் மேல் வரும். அண்ணா நகர், அடையாறு ஃப்ளாட்டுகளை விற்பவர்களில் எத்தனை பேர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இது சிறிய விஷயம் அல்ல.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்குள் குடிபோக வேண்டிய, மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு நிறைவுச் சான்று பெற்ற, பத்து ஆண்டுகளுக்குட்பட்ட கைமாறும் ஃப்ளாட்டே முதல் தேர்வு. அங்கே சட்டம் தருவது குறைவு, ஆனால் அது தராதவற்றை ஒரு நல்ல வழக்கறிஞரும் ஒரு பொறியாளரும் இரண்டு வாரத்தில் சரிபார்த்துத் தந்துவிட முடியும். கட்டி முடியாததில் சட்டம் தருவது அதிகம், எனினும் அது காக்க முயல்வது எதிர்காலத்தை, அதை எந்த வழக்கறிஞராலும் சரிபார்க்க முடியாது. கூரை வேலை முடிந்து, பூச்சு நடந்துகொண்டிருக்கும் திட்டமானால் இந்தத் தயக்கம் எனக்கும் பாதியாகக் குறையும். மனையை, கட்டுவதற்கான பணமும் அருகிலிருந்து மேற்பார்வையிட ஓர் ஆளும் உள்ளவர்களுக்கே பரிந்துரைப்பேன்.

விற்றுவிட்டு வாங்குவோருக்கு

இருக்கும் வீட்டை விற்றுப் பெரிய வீட்டுக்குப் போக நினைப்போருக்கு இத்தேர்வு இன்னொரு காரணத்தால் மாறும். விற்பனை ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடுவது விதிவிலக்காக இல்லாமல் இயல்பாகிவிட்டது. கூடுதல் விலைக்கு வேறொருவர் கிடைத்தார் என்று முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒதுங்குவது இன்று எளிதன்று. பழைய கடன் முடிந்த 30 நாட்களுக்குள் வங்கி மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு என்று 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி இருப்பதால், அந்த ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு விளம்பரம் கொடுப்பதே சரியான வரிசை.

வீட்டை விற்றதில் கிடைத்த நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதாக இருந்தால், பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் ஒப்பிட்டுக் குறைவானதைக் கட்டலாம். ஆதாயத்தை இன்னொரு வீட்டில் போட்டால் விலக்கு உண்டு; விற்பதற்கு ஓராண்டு முன்போ இரண்டு ஆண்டுகள் பின்போ வாங்க வேண்டும், கட்டுவதானால் மூன்று ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்க வேண்டும். அதுவரை செலவிடாத தொகையை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் அதற்கென உள்ள வங்கிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். பில்டர் நான்காம் ஆண்டில் சாவி கொடுத்தால், அந்த விலக்குக்காக அதிகாரியோடு வாதாட வேண்டியவர் வீட்டை விற்றவரே, பில்டர் அல்லர். தாமதத்துக்கு ரெராவில் வட்டி கேட்கலாம். வரித்துறை கேட்கும் தொகைக்கு அந்த வட்டி போதுமா என்பதைக் கட்டி முடியாத ஃப்ளாட்டில் கையெழுத்திடும் முன்பே ஆடிட்டரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட வேண்டும்.